ஓடுறது இருக்கட்டும், முதல்ல ஸ்டார்ட் ஆகுமா?

எங்க ஹாஸ்டல் ரூம் ஃபேனுக்குக் கெப்பாசிட்டர் போய் மூணு வாரம் ஆச்சு. சுவிட்சைப் போட்டா 'ம்ம்ம்'னு முனகும், சுத்தாது. துடைப்பக் கட்டையால இறக்கையை ஒரு தள்ளு தள்ளணும். அவ்வளவுதான். மெதுவா வேகம் பிடிச்சு விடிய விடிய அது பாட்டுக்கு ஓடும். எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கமே சுத்தும். தூக்கக் கலக்கத்துல தப்பான பக்கம் தள்ளிட்டா காத்து கூரைக்குப் போகும், திட்டு நமக்கு வரும்.

ட்ரிபிள் ஈ நண்பர்களுக்கு இது பழைய வைவா கேள்வி. சிங்கிள் ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார் தானாகக் கிளம்பாது, கிளம்பிட்டா நிக்காது. கிளம்புவதற்கு வேண்டியது வேறு, ஓடுவதற்கு வேண்டியது வேறு. இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேலே படிங்க.

நம்ம கிளாஸ் குரூப்புல மாசம் ஒரு தடவையாவது "செயற்கைச் சூரியன்! 10 கோடி டிகிரி!" என்று ஒரு ஃபார்வர்டு வருது. அந்த எண் பொய் இல்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இருக்கும் டோகமாக் எனர்ஜி என்ற தனியார் நிறுவனம், தன் எஸ்டி-40 கருவியில் 2022-ல் 10 கோடி டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்தக் கருவியில் பிளாஸ்மா வளையத்தின் ஆரம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். இவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு சூடு என்பது கை தட்ட வேண்டிய சாதனை. நானும் தட்டினேன்.

ஆனா என் கருத்து இதுதான்: சின்ன சைஸ் ஃப்யூஷன் ரியாக்டர் வருமா, வராதா என்பதை இந்த வெப்பநிலை எண் மட்டும் முடிவு பண்ணாது. "மெஷின் எப்படி ஸ்டார்ட் ஆகுது?" என்ற, யாரும் ஃபார்வர்டு பண்ணாத கேள்விக்கும் அதில் சம பங்கு உண்டு. அதற்கு இன்றைக்கு இருக்கும் நல்ல பதில்களில் ஒன்று ரேடியோ அலை. அந்தப் பதிலைத் தேடுற வேலைக்கு நம்ம சிலபஸ் நாம நினைக்கிறதை விட ரொம்பப் பக்கத்தில் இருக்கு. ஏன்னு சொல்றேன்.

உள்ளே இருப்பது ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர்

டோகமாக் என்பது டயர் ட்யூப் வடிவத்தில் ஒரு காந்தக் கூண்டு. ட்யூபைச் சுற்றிக் காயில் போட்டு, வளையத்தின் நீளவாக்கில் ஒரு காந்தப்புலம் உண்டாக்குகிறார்கள். அது மட்டும் போதாது. அந்தப் புலத்தில் எலக்ட்ரான்கள் ஒரு பக்கம், அயனிகள் எதிர்ப் பக்கம் என்று மேலும் கீழும் விலகும். சார்ஜ் பிரியும், மின்புலம் வரும், மொத்த பிளாஸ்மாவும் வெளிச்சுவரை நோக்கித் தள்ளப்படும். இதைத் தடுக்கணும்னா காந்தக் கோடுகள் கயிறு முறுக்கின மாதிரி முறுக்கிக்கொள்ளணும். அந்த முறுக்கைத் தருவது பிளாஸ்மாவுக்குள்ளேயே ஓடும் மின்னோட்டம். பிளாஸ்மா கரண்ட் இல்லைன்னா டோகமாக் வெறும் காலி ட்யூப்.

சரி, ஒயரே இல்லாத ஒரு வாயுவுக்குள் லட்சக்கணக்கான ஆம்பியரை எப்படி ஓட்டுவது? வழக்கமான வழி ட்ரான்ஸ்ஃபார்மர். வளையத்தின் நடு ஓட்டையில் சோலினாய்டு என்ற உயரமான காயில் நிற்கும்; அது பிரைமரி. பிளாஸ்மா வளையம் ஒரே ஒரு சுற்று கொண்ட செகண்டரி. சோலினாய்டில் கரண்ட்டை மாற்றினால் வளையத்தைச் சுற்றி வோல்டேஜ் உண்டாகும். அது வாயுவை உடைத்துப் பிளாஸ்மாவாக்கி, கரண்ட்டையும் ஓட்டும். பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் கருவிக்கு இப்படி ஒரு சோலினாய்டு: 18 மீட்டர் உயரம், சுமார் 1000 டன் எடை, 13 டெஸ்லா புலம். அந்தக் கருவி 15 மெகா ஆம்பியர் பிளாஸ்மா கரண்ட்டுக்காக வடிவமைக்கப்பட்டது.

இதில் ஒரு குறை இருக்கு, உங்களுக்கே தெரியும். ட்ரான்ஸ்ஃபார்மருக்கு டிசி கொடுத்தா என்ன ஆகும்? செகண்டரியில் ஒண்ணும் வராது. சோலினாய்டில் கரண்ட்டை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் வோல்டேஜ். ஆனால் அதை முடிவில்லாமல் ஏற்றிக்கொண்டே போக முடியாது. ஃப்ளக்ஸ் தீர்ந்தால் ஆட்டம் முடிஞ்சது. பெரிய கருவிக்கு இது ஒரு தலைவலி. சின்ன கருவிக்கு இதைவிடப் பெரிய தலைவலி இருக்கு: சோலினாய்டை வைக்கவே இடம் இல்லை.

சின்னதாக்கினா முதல்ல அடி வாங்குறது நடுத்தூண்

கச்சிதமான கருவிகளில் முக்கியமான வகை கோள டோகமாக். டயர் ட்யூபை அமுக்கி, நடு ஓட்டையைக் குறுக்கி, விதை எடுத்த ஆப்பிள் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். வளையத்தின் ஆரத்தைப் பிளாஸ்மாவின் ஆரத்தால் வகுத்தால் ஈட்டருக்கு சுமார் 3 வரும். இங்கிலாந்தின் கல்ஹாமில் 2013 வரை ஓடிய மாஸ்ட் கருவிக்கு சுமார் 1.3. இந்த வடிவத்தில் அதே காந்தப்புலத்துக்கு அதிக பிளாஸ்மா அழுத்தத்தைத் தாங்க முடியும். அதனால்தான் குறைந்த செலவில் ரியாக்டர் என்று பேசும்போது இந்த வடிவம் பேச்சில் வந்துவிடுகிறது.

விலையைக் கொடுப்பது அந்த மெலிந்த நடுத்தூண். சுற்றி இருக்கும் காயில்களின் ஒயர் எல்லாம் அதன் வழியாகத்தான் இறங்கணும். டியூட்டீரியம்-ட்ரிட்டியம் எரியும் ரியாக்டரில் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்கள் அதன் மேல் மழையாகப் பெய்யும். அதைத் தடுக்கக் கவசம் வேணும். குளிரூட்டும் குழாய் வேணும். இதுக்கு மேல் சோலினாய்டும் அதன் இன்சுலேஷனும் எங்கே போகும்? பேச்சிலர் ரூமில் நாலு பேர் படுத்த பிறகு பீரோ வைக்க இடம் தேடுற கதை.

எஸ்டி-40 இதை எப்படிச் சமாளித்தது? வெற்றிடக் கலத்துக்குள்ளேயே வளையக் காயில்களை வைத்து, மேலும் கீழும் இரண்டு பிளாஸ்மா வளையங்களை உருவாக்கி, அவற்றை நடுவில் மோதி இணைய விடும் முறையால். மாஸ்டிலும் இதே முறை பயன்பட்டது. ஆராய்ச்சிக் கருவிக்கு அருமையான தந்திரம். ஆனா நியூட்ரான் மழை பெய்யும் ரியாக்டருக்குள் காயிலைத் தொங்கவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டுவது நடக்கிற காரியமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அலையால் ஒரு தள்ளு

காந்தப்புலத்தில் எலக்ட்ரான் சுற்றிக்கொண்டே இருக்கும். 1 டெஸ்லா புலத்தில் அது வினாடிக்கு 28 பில்லியன் தடவை சுற்றும், அதாவது 28 கிகாஹெர்ட்ஸ். புலம் பாதியானால் அதிர்வெண்ணும் பாதி. அதே அதிர்வெண்ணில் மைக்ரோவேவ் அனுப்பினால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, ஒவ்வொரு சுற்றிலும் எலக்ட்ரான் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் ஏறும். அது வாயு அணுக்களில் மோதும், பிளாஸ்மா பிறக்கும். இதுவரை எளிது.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் லேட் என்று ஒரு சின்ன கோள டோகமாக். சோலினாய்டு இல்லாமலேயே கட்டப்பட்டது. அதில் முதலில் பயன்படுத்திய அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? உங்க வீட்டு மைக்ரோவேவ் அவனின் அதிர்வெண்தான். கணக்குப் போட்டுப் பாருங்க: 2.45-ஐ 28-ஆல் வகுத்தால் 0.0875 டெஸ்லா. அந்தப் புலம் இருக்கும் இடத்தில் அலை எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும்.

பிளாஸ்மா வந்தாச்சு, கரண்ட் எங்கிருந்து வரும்? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. மேலிருந்து கீழாக மிகச் சிறிய செங்குத்துப் புலம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். காந்தக் கோடுகள் இப்போது ஸ்பிரிங் மாதிரி சுற்றிச் சுற்றித் தரையிலிருந்து கூரைக்கு ஏறும். மேலும் கீழும் பிரிந்து போன சார்ஜ், இந்தக் கோடு வழியாக ஓடித் தன்னைச் சமன் செய்துகொள்ளப் பார்க்கும். அந்த ஓட்டமே முதல் கரண்ட். அலையின் சக்தியையும் செங்குத்துப் புலத்தையும் மெதுவாக ஏற்றினால் கரண்ட்டும் ஏறும். ஒரு கட்டத்தில் அந்தக் கரண்ட்டின் சொந்தப் புலம் செங்குத்துப் புலத்தை ஜெயித்து, திறந்திருந்த கோடுகளைத் தனக்குள்ளேயே மூடிக்கொள்ளும். அந்த நொடியில் கரண்ட் சடாரென்று குதிக்கும். சுவரில் மோதிச் செத்துக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் இப்போது உள்ளேயே சுற்ற ஆரம்பிக்கும். கூண்டு தன்னைத் தானே கட்டிக்கொண்டது!

கரண்ட் எந்தத் திசையில் ஓடும்? செங்குத்துப் புலம் எந்தப் பக்கமோ அதைப் பொறுத்தது. எங்க ஹாஸ்டல் ஃபேன் மாதிரியேதான்.

இது ஒரு லேப் கதை மட்டும் இல்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டிஎஸ்டி-2 கருவி 200 மெகாஹெர்ட்ஸ் அலையில் 20 கிலோ ஆம்பியருக்கு மேல் எட்டியது. பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா பிடித்த விஹெச்எஃப் பட்டையில் வரும் அதிர்வெண் அது. கியூஷு பல்கலைக்கழகத்தின் குவெஸ்ட் கருவி 28 கிகாஹெர்ட்ஸ் அலையால் 60 கிலோ ஆம்பியரைத் தாண்டியது. மாஸ்ட் கருவியில் அதே 28 கிகாஹெர்ட்ஸ், சுமார் 100 கிலோவாட் மட்டும் கொடுத்து 73 கிலோ ஆம்பியர் எடுத்தார்கள்.

மாஸ்டில் செய்த வேலை ஒரு ஆன்டெனா இன்ஜினியரின் கனவு. பிளாஸ்மா அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டினால் ரேடியோ அலை உள்ளே போகாது, திரும்பிவிடும். ஷார்ட்வேவ் ரேடியோ அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கேட்பது இதே காரணத்தால்தான். இதைத் தாண்ட, வெளியிலிருந்து அனுப்பிய அலையை நடுத்தூணில் பதித்த வரிவரியான பள்ளங்கள் கொண்ட கண்ணாடியில் பட வைத்து, அதன் போலரைசேஷனை மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிய அலை பிளாஸ்மாவுக்குள் பெர்ன்ஸ்டீன் அலையாக மாறியது. பிளாஸ்மாவுக்குள் மட்டுமே வாழும் அந்த அலைக்கு அடர்த்தி வரம்பே கிடையாது. ஒரு உலோகத் தகட்டில் போட்ட பள்ளம்தான் இந்த வித்தையின் ஆரம்பம்.

"எஃபிஷியன்சி கம்மி" என்பவர்களுக்கு

ரேடியோ அலையால் கரண்ட் ஓட்டலாம் என்பது புதுசு இல்லை. 1978-ல் நதானியேல் ஃபிஷ் என்பவர் அலையால் எலக்ட்ரான்களை ஒரே திசையில் தள்ளிக் கரண்ட் ஓட்டும் கோட்பாட்டைத் தந்தார். 1984-ல் பிரின்ஸ்டனின் பிஎல்டி கருவி, அலையால் மட்டுமே 100 கிலோ ஆம்பியர் கரண்ட்டை உருவாக்கிக் காட்டியது. 2003-ல் கியூஷுவின் ட்ரையம்-1எம் கருவி, சின்னக் கரண்ட்டாக இருந்தாலும், அலையின் துணையால் பிளாஸ்மாவை 5 மணி 16 நிமிடம் அணையாமல் வைத்திருந்தது.

அப்படியும் இந்த வழியைக் கழித்துக்கட்டுபவர்கள் எப்போதும் சொல்லும் வாதம்: "ஒரு ஆம்பியருக்கு ஆகும் வாட் கணக்கு கட்டாது." இந்த வாதம் பாதி சரி. ரியாக்டர் ஓடும் நேரம் முழுக்க அலையாலேயே கரண்ட்டைத் தாங்கினால், உற்பத்தியில் பெரும் பகுதியை அதுவே சாப்பிட்டுவிடும். ஆனா நாம பேசுவது ஸ்டார்ட்டை. ஒரு தோராயக் கணக்கு போடுவோம். சுவரிலிருந்து 10 மெகாவாட் எடுத்து 15 நிமிஷம் அலை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 2500 யூனிட் மின்சாரம். 100 மெகாவாட் மின் நிலையம் அதை 90 வினாடியில் திருப்பித் தந்துவிடும். தேவை பத்து மடங்கு ஆனாலும் 15 நிமிஷ உற்பத்திதான். அதன் பிறகு மாதக்கணக்கில் ஓடப்போகும் நிலையத்துக்கு இது ஒரு செலவா?

ஓட ஆரம்பித்த பிறகு பிளாஸ்மாவே கை கொடுக்கும். உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே கம்மி என்ற சரிவு தானாகவே ஒரு கரண்ட்டை உண்டாக்கும். பூட்ஸ்ட்ராப் கரண்ட் என்று பெயர். கோள டோகமாக் வடிவமைப்புகள் இதைத்தான் பெரிதும் நம்புகின்றன. தள்ளுறதுக்கான எஃபிஷியன்சியையும் ஓட்டுறதுக்கான எஃபிஷியன்சியையும் போட்டுக் குழப்பாதீங்க. துடைப்பக் கட்டைக்கு ஃபைவ் ஸ்டார் ரேட்டிங் கேட்கிற மாதிரி இருக்கு.

நிஜமான தடை வேறு

அதுக்காக எல்லாம் முடிஞ்சதுன்னு சொல்ல வரலை. 73 கிலோ ஆம்பியர் எங்கே, ரியாக்டர் கேட்கும் பல மெகா ஆம்பியர் எங்கே? நூறு மடங்கு இடைவெளி. இதை மறைத்து எழுதினால் நானும் அந்த ஃபார்வர்டு கோஷ்டிதான்.

முதல் தடை லென்ஸ் விதி. பிளாஸ்மா வளையம் ஒரு இண்டக்டர். அலையால் கரண்ட்டை ஏற்ற ஏற்ற, அது எதிர் வோல்டேஜை உண்டாக்கி "வேண்டாம்" என்று தள்ளும். சூடான பிளாஸ்மாவுக்கு மின்தடை ரொம்பக் குறைவு என்பதால் எல்-பை-ஆர் நேரம் நீளும். அவசரப்பட்டு ஏற்ற முடியாது.

இரண்டாவது தடை, ஆரம்பக் கரண்ட்டைச் சுமப்பது எண்ணிக்கையில் குறைந்த, வேகமான எலக்ட்ரான்கள். அடர்த்தியான, சூடான, சாதாரண பிளாஸ்மாவாக அதை மாற்றிக் கொடுக்கணும். இங்கே காந்தப்புலம் நமக்குச் சாதகம் என்பது என் எண்ணம். அலையின் அதிர்வெண் புலத்தோடு நேர் விகிதம். அலை நுழையக்கூடிய அடர்த்தி அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு நேர் விகிதம். 28 கிகாஹெர்ட்ஸில் வரம்பு கன மீட்டருக்கு சுமார் 10 டிரில்லியன் மில்லியன் எலக்ட்ரான்கள். புலத்தை 1-லிருந்து 3 டெஸ்லாவாக்கினால் வரம்பு 9 மடங்கு. உயர் வெப்பநிலை சூப்பர்கண்டக்டர் காந்தங்கள் பிளாஸ்மாவை அடைத்து வைக்க மட்டும் இல்லை, ஸ்டார்ட் பண்ணவும் உதவும்.

மூன்றாவது தடை நம்ம மனசு. சோலினாய்டு கையில் இருக்கும்வரை அதைத்தான் அமுக்குவோம். கிக்கர் இருக்கிற பைக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டை யார் ரிப்பேர் பண்றாங்க? ஜப்பானின் ஜேடி-60யு கருவி, சோலினாய்டு இருந்தும் அதைத் தொடாமல், அலைகளோடு வெளிக் காயில்களின் உதவியும் சேர்த்து 700 கிலோ ஆம்பியர் வரை போய்க் காட்டியது. வேணும்னு இறங்கினால் முடியும். அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், தன் பெகாசஸ் கருவியிலிருந்து சோலினாய்டையே கழற்றிவிட்டு, சோலினாய்டு இல்லாத பல ஸ்டார்ட் முறைகளை ஒரே மெஷினில் ஒப்பிடுகிறது. அந்த மூன்றாம் பெகாசஸ்தான் சரியான வழி என்று நினைக்கிறேன். "எதுக்கும் ஒரு சின்ன சோலினாய்டு இருந்துட்டுப் போகட்டும்" என்ற சமரசம் இன்றைய கருவிக்கு நியாயம். ஆனா ரியாக்டர் ஓடப்போகிறவர்கள் யாராவது சிலர் அதைக் கழற்றிவிட்டு இப்போதே பழகணும்.

இங்கிலாந்து அரசு நாட்டிங்ஹம்ஷயரின் வெஸ்ட் பர்ட்டனில் கட்டத் திட்டமிடும் ஸ்டெப் நிலையம் ஒரு கோள டோகமாக். 2040-ஐ இலக்காக வைத்திருக்கிறார்கள். நாம இப்போ இருபது வயசு. அந்த மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது அதன் கன்ட்ரோல் ரூமில் இருக்கப் போவது நம்ம செட் ஆட்கள்.

நமக்கென்ன?

காந்திநகரில் இருக்கும் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்எஸ்டி-1 டோகமாக்கில் 42 கிகாஹெர்ட்ஸ் ஜைரோட்ரான் அலையின் துணையோடு பிளாஸ்மாவைக் கிளப்புகிறார்கள். 42-ஐ 28-ஆல் வகுங்க. 1.5 டெஸ்லா, அந்தக் கருவியின் புலம். இப்போ இந்தக் கணக்கு உங்களுக்கே வருது பாருங்க.

எங்க மைக்ரோவேவ் லேபில் தூசி படிந்து ஒரு கிளைஸ்ட்ரான் பெஞ்ச் இருக்கு. அதில் மாட்டியிருக்கும் எக்ஸ்-பேண்ட் வேவ்கைடின் பட்டை 8.2 கிகாஹெர்ட்ஸில் தொடங்குது. ட்ரையம்-1எம் பிளாஸ்மாவை 5 மணி நேரத்துக்கு மேல் தாங்கியது அதே 8.2 கிகாஹெர்ட்ஸ் அலைதான். விஎஸ்டபிள்யூஆர் ரீடிங்கை சீனியர் ரெக்கார்டிலிருந்து காப்பி அடிக்கிறோமே, அதே ரீடிங்கை நூறு கிலோவாட்டில் தப்பாகப் பார்த்தால் ஜன்னல் உடையும்.

இதையெல்லாம் இப்போ ஏன் எழுதுறேன்னா, அடுத்த செமஸ்டர் மைக்ரோவேவ் எலெக்டிவுக்கு 15 பேர் வேணும். போன வருஷம் ஆள் சேரலைன்னு அந்தப் பேப்பர் ஓடவே இல்லை. இந்த வருஷம் இதுவரை 9 பேர். "பிளேஸ்மென்ட்டுக்கு உதவாது" என்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் இருக்கு; வீட்டில் லோன் இருக்கு, நானும் ஆப்டிட்யூட் புக்கோடுதான் தூங்குறேன். எல்லாரும் ஃப்யூஷனுக்குப் போங்கன்னு சொல்லலை. 15 பேரில் ஒருத்தர் போனாலே பெரிய விஷயம். ஆனா அந்த ஒருத்தருக்காகவாவது பேப்பர் ஓடணும் இல்லையா?

மீதி 14 பேருக்கும் நஷ்டம் இல்லை. 5ஜி-க்கு இந்தியாவில் ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸும் மாஸ்ட் பயன்படுத்திய 28 கிகாஹெர்ட்ஸும் பக்கத்து வீடு. ஒண்ணைக் கத்துக்கிட்டா இன்னொண்ணு பாதி வந்துடும்.

ஃபார்ம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்னும் 6 கையெழுத்து. எங்க ரூம் ஃபேனுக்கு ஒரு வழியா புதுக் கெப்பாசிட்டர் வாங்கி மாட்டிட்டோம். துடைப்பக் கட்டை இப்போ சும்மாதான் இருக்கு. யாருக்காவது ஒரு தள்ளு தேவைப்பட்டா வந்து சொல்லுங்க.